முத்திரை முன்பே விழுந்துவிட்டது

"பிள்ளையை அசெஸ்மெண்டுக்குக் கூட்டிப் போகாதீங்க, முத்திரை குத்திடுவாங்க." மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கத் திணறும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் நடத்துபவர் சொல்கிறார். கிள்ளானில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர் சொல்கிறார். வீட்டில் பாட்டி சொல்கிறார். சில பள்ளிகளில் ஆசிரியரே தாயைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் வரும் வார்த்தை. அதனாலேயே இதை எதிர்த்துப் பேச எவரும் முன்வருவதில்லை. நான் எதிர்க்கிறேன். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரை நம் பிள்ளைகளின் ஏழிலிருந்து பத்து வயது வரையிலான காலத்தைத் தின்றுவிடுகிறது. வாசிப்பைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல காலம் பிறகு வாய்ப்பதில்லை.

முதலில் முத்திரையைப் பற்றியே பேசுவோம். இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத பையனுக்கு இப்போதே எத்தனை பெயர்கள் இருக்கின்றன? சோம்பேறி. விளையாட்டுப் புத்தி. மக்கு. "அக்கா எவ்வளவு நல்லா படிச்சா, இவன் ஏன் இப்படி?" வகுப்பில் அவனுக்கென்று ஒரு கடைசி வரிசை இருக்கிறது. குறைநீக்கல் வகுப்புக்கு அவன் எழுந்து போகும்போது மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்தப் பெயர்களை அவனுக்கு வைத்தவர்கள் எந்தச் சோதனையும் செய்யவில்லை, எந்த ஆதாரமும் காட்டவில்லை. இவற்றை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இடமும் இல்லை. அசெஸ்மெண்டில், அதாவது மதிப்பீட்டில், கிடைக்கும் உளவியலாளரின் அறிக்கையோ கையெழுத்திட்ட ஆவணம். எந்தச் சோதனை, எந்த நாளில், என்ன மதிப்பெண், அதிலிருந்து என்ன முடிவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பெற்றோர் அதைக் கேள்வி கேட்கலாம், வேறொருவரிடம் காட்டலாம், ஏற்காமலும் விடலாம். பிள்ளையின் மேல் ஏற்கெனவே விழுந்துவிட்ட முத்திரையை அழிக்க நம்மிடம் உள்ள கருவி இது ஒன்றுதான். அந்தக் கருவிக்கே முத்திரை என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம்.

அடுத்து வருவது, "வயசானா தன்னால சரியாயிடும்." சில பிள்ளைகளுக்கு இது உண்மை. ஆனால் உதவி கிடைத்தால் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. 2024/2025 பள்ளித் தவணையில் முதலாம் ஆண்டில் இருந்த சுமார் 4 லட்சத்து 48 ஆயிரம் மாணவர்களில் 1 லட்சத்து 22 ஆயிரம் பேர் வாசிப்பு, எழுத்து, கணக்கில் அடிப்படைத் தேர்ச்சி பெறவில்லை என்று கல்வி அமைச்சு அறிவித்தது. சில மாதச் சிறப்புப் பயிற்சிக்குப் பிறகு அவர்களில் 60 விழுக்காட்டினர் தேறிவிட்டார்கள். 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேறவில்லை. தேறியவர்களுக்குக் கிடைத்தது உதவி. காலம் போகட்டும் என்று சும்மா விட்டதில் அவர்கள் தேறவில்லை. தேறாத 48 ஆயிரம் பேருக்கும் கற்றல் குறைபாடு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வறுமை இருக்கலாம், பாலர்பள்ளிக்கே போகாமல் வந்திருக்கலாம், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கத்தானே சோதனை வேண்டும்? டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கல் போன்ற கற்றல் குறைபாட்டை உறுதிசெய்ய உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் வரையறையே இதைத்தான் கேட்கிறது: தகுந்த உதவி கொடுத்தும் ஆறு மாதத்துக்கு மேல் சிரமம் நீடித்ததா? எனவே ஆறு மாத உதவிக்குப் பிறகும் தேறாத பிள்ளையை இன்னும் காத்திருக்கச் சொல்வதை எந்த அறிவியலும் ஆதரிக்கவில்லை.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. 1896-இலேயே பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், புத்திக்கூர்மை உள்ள, கணக்கு நன்றாக வருகிற, ஆனால் வாசிக்கவே முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார். நம் ரப்பர் தோட்டங்களிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். ஒற்றை அறைத் தோட்டப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு, எழுத்து ஏறவில்லை என்றதும் அப்பாவோடு பால்மரம் சீவப் போய்விட்டார்கள். உளிக்கும் வாளிக்கும் வாசிப்பு தேவைப்படவில்லை. அந்தச் சிறுவன் ஏன் பள்ளியை விட்டான் என்று யாரும் கேட்கவுமில்லை, எழுதி வைக்கவுமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் காப்பாரிலும் மேருவிலும் அடுக்குமாடிகளில் குடியேறிய பிறகு, அவனை ஏற்றுக்கொள்ள அந்த வேலை இல்லை. இன்று போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டுவதற்கும் கோட்பாட்டுத் தேர்வில் தேறித்தான் உரிமம் வாங்க வேண்டும். பழைய காலத்தில் குறைபாடு இல்லாமல் இல்லை. அதை மறைத்து வைக்க ரப்பர் காடு இருந்தது.

இதோடு சேர்ந்து வருவது, "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்." இதைச் சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் டிஸ்லெக்சியாவும் ஏடிஎச்டி என்கிற கவனச் சிக்கலும் குடும்பத்தில் தொடர்ந்து வருபவை. இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்பாவும் அப்படித்தான் என்றால் மகனைச் சோதித்துப் பார்க்க அது இன்னொரு காரணம். அப்பா எப்படியோ கரையேறிவிட்டார் என்பது உண்மையாக இருக்கலாம். படிக்கத் தெரியாததை மறைக்க அவர் வாழ்நாள் முழுக்க என்னென்ன செய்தார் என்று அவரையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

"மூணு மணி நேரம் ஃபோன்ல கேம் விளையாடுறான், அவனுக்கா கவனம் இல்ல?" என்ற கேள்வியும் வரும். கவனச் சிக்கல் என்பது கவனமே இல்லாத நிலை என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. நொடிக்கு நொடி பரிசு கொடுக்கும் திரையில் அந்தப் பிள்ளையின் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும். பரிசே இல்லாத பத்து வரிக் கணக்கில் அதைப் பிடித்து வைக்கத்தான் அவனால் முடியவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஓடித் திரியும் பையனையாவது யாராவது கவனிக்கிறார்கள். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. "நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்" என்ற ஒற்றை வரியோடு அவள் ஆறாம் ஆண்டு வரை வந்துவிடுகிறாள்.

டியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் எந்த முறையில் சொல்லிக்கொடுத்து ஏறவில்லையோ அதே முறையில் மாலையிலும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை களைத்துப்போவான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, வெளிப்படையாக, மீண்டும் மீண்டும் கற்பிக்கும் முறை வேண்டும். அது வேறு பயிற்சி. அந்தப் பயிற்சிதான் வேண்டும் என்று தெரிந்துகொள்ள முதலில் மதிப்பீடு வேண்டும்.

இதுவரை சொன்னவை எளிதில் விழும் வாதங்கள். எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. "ஐ.கியூ. சோதனை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் செய்தது. நம்ம பிள்ளைகிட்ட இங்கிலீஷ்ல கேட்டு, பதில் வரலன்னா மூளை வளர்ச்சி குறைவுன்னு எழுதி, சிறப்புக் கல்வி வகுப்புல தள்ளிடுவாங்க." இதைச் சொல்பவரை நான் மதிக்கிறேன். இது வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது, உலகத்தில் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டார்கள். அவர்களின் தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோரின் மதிப்பெண் எல்லைக்கோட்டுக்கு மேலே போனது. டயானா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கு 1970-இல் முடிந்தது. லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதேபோல் தாழ்ந்த பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதை 1971-இல் பெர்னார்ட் கோர்ட் என்ற ஆசிரியர் சிறு நூலாக எழுதி வெளிக்கொணர்ந்தார்.

ஆனால் அந்தப் பெற்றோர் அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள்? இனி எங்கள் பிள்ளைகளைச் சோதிக்கவே வேண்டாம் என்று டயானா வழக்கின் குடும்பங்கள் கேட்கவில்லை. எங்கள் மொழியில் சோதியுங்கள் என்று கேட்டார்கள். 1975-இல் அமெரிக்கச் சட்டத்திலேயே அது ஏறியது. தவறான சோதனைக்குப் பதில் சரியான சோதனை. நாம் மட்டும் ஏன் தவறான சோதனையைக் காட்டிச் சோதனையையே மறுக்கிறோம்?

சரியான சோதனை என்றால் என்ன என்று பார்ப்போம். இங்கே அதிகம் பயன்படும், பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் அறிவுத்திறன் அளவுகோல் 1949-இல் முதலில் வந்தது. அதன் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வெளியானது. சராசரி 100 என்றும், மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள் என்றும் அது அமைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் அந்த ஒற்றை எண்ணைத்தான் தேடுகிறார்கள், அதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். அறிக்கையில் அந்த எண்ணைவிட முக்கியமானது அதன் உள்ளே இருக்கும் ஐந்து பிரிவுகள்: சொல்லறிவு, கண்ணால் பார்த்து வடிவங்களைப் பொருத்துதல், புதிய சிக்கலை அவிழ்க்கும் தர்க்கம், கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் பிடித்து வைக்கும் நினைவு, வேகம். ஒரு பிள்ளை தர்க்கத்தில் 115 எடுத்து, நினைவில் 78 எடுத்தால், இரண்டையும் கூட்டி வரும் சராசரி எண் யாரையும் குறிக்காது. அந்த இடைவெளிதான் செய்தி. கணக்கைப் புரிந்துகொள்ளும் பையன், ஆசிரியர் சொன்ன மூன்று கட்டளையில் இரண்டை ஏன் மறக்கிறான் என்பது அங்கேதான் தெரியும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் எடுத்த சொல்லறிவு மதிப்பெண் அவனுடைய ஆங்கிலத்தை அளக்கிறது, அறிவை அளக்கவில்லை. நல்ல உளவியலாளர் இதை அறிக்கையிலேயே எழுதுவார். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

வாசிப்பைச் சோதிப்பதில் நம் பிள்ளைகளின் நிலை இன்னும் தனியானது. தமிழ்ப்பள்ளியில் ஒரு பிள்ளை முதலாம் ஆண்டிலிருந்தே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும், இரண்டு எழுத்து முறைகளில் படிக்கிறான். மலாயில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு நேரானது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகூடக் காலப்போக்கில் மலாயைத் தப்பில்லாமல் படித்துவிடலாம், ஆனால் மிக மெதுவாகப் படிப்பான். சரியா தப்பா என்று மட்டும் பார்ப்பவர் கண்ணில் அவன் தேறிவிடுவான். ஆங்கிலத்தில் விதிகளுக்கு அடங்காத சொற்களில் தடுமாறுவான், அதை "இங்கிலீஷ் வீக்" என்று சொல்லிவிடுவார்கள். தமிழில் 247 எழுத்துகள். கெ-யில் கொம்பு முன்னால் வருகிறது, கொ-வில் குறி இரு பக்கமும் நிற்கிறது, உகரக் குறி மெய்க்கேற்ப உருவம் மாறுகிறது. போதாததற்கு, வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று படிக்க வேண்டும். கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்து முறையைக் கற்று முடிக்கத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். ஆகவே இரண்டாம் ஆண்டில் சில உயிர்மெய் தவறுவது இயல்பு. மூன்று மொழியிலும் ஒரே வகைச் சிரமம் தெரிந்தால், அதிலும் அவன் நன்றாகப் பேசும் மொழியிலேயே தெரிந்தால், அப்போது அக்கறையோடு பார்க்க வேண்டும். ஒரு மொழியில் மட்டும் பின்தங்கினால் அது பெரும்பாலும் பழக்கக் குறைவு. இந்த வேறுபாட்டைப் பிரித்துச் சொல்ல ஆசிரியரின் அனுபவம் உதவும், ஆனால் போதாது.

மதிப்பீடு என்றாலே ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்தே தீருவார்கள் என்றும் நம்புகிறார்கள். முறையான மதிப்பீட்டின் பாதி வேலை "இல்லை" என்று சொல்வது. முதலில் காதும் கண்ணும் சோதிக்கப்பட வேண்டும். தூக்கம், வீட்டில் நடந்த பிரிவு அல்லது மரணம், பள்ளியில் அடி உதை, எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஏடிஎச்டிக்கு ரத்தச் சோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால்தான் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். பள்ளியில் மட்டும் அடங்காத பிள்ளைக்குப் பிரச்சினை பள்ளியில் இருக்கலாம்.

பிறந்த மாதத்தையும் பார்க்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு 30 விழுக்காடும் பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடும் அதிகமாக ஏடிஎச்டி என்று எழுதப்பட்டிருந்தது. அங்கே பள்ளிச் சேர்க்கை டிசம்பர் 31-ஐ எல்லையாகக் கொண்டது. நம் முதலாம் ஆண்டுச் சேர்க்கையும் பிறந்த ஆண்டை வைத்துத்தான். கிட்டத்தட்ட ஒரு வயது இளைய பிள்ளையை மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டு "அடங்கமாட்டேங்கிறான்" என்று சொல்லும் தவறு பொதுப் பேச்சில் தினமும் நடக்கிறது. வயதுக்குரிய அளவுகோலை வைத்துப் பார்க்கும் மதிப்பீடு அந்தத் தவறிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

மருந்து, மாற்றுத்திறனாளி என்று பதியும் ஓ.கே.யூ. அட்டை, சிறப்புக் கல்வி வகுப்பு. இந்த மூன்றும் மதிப்பீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பது அடுத்த அச்சம். மூன்றும் தனித்தனி முடிவுகள். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. அது மருத்துவரின் வேலை, பெற்றோர் சம்மதத்தோடு நடப்பது. சமூகநல இலாகாவில் ஓ.கே.யூ. பதிவு பெற்றோரின் விருப்பம். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமைகளைத் தருகிறது, யாரையும் இழுத்துப் பதியச் சொல்லவில்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை சாதாரண வகுப்பிலேயே, உதவியோடு, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரை படிக்கலாம். அந்தத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது சான்று வேண்டும். ஐந்தாம் படிவத்தில் போய் அந்தச் சான்றைத் தேடி ஓடும் பெற்றோரிடம், ஏழு வயதில் முத்திரைக்குப் பயப்படச் சொன்னவர்கள் யாரும் கூட நிற்பதில்லை. பள்ளி சிறப்பு வகுப்பை மட்டுமே காட்டினால், அங்கே பாடத்திட்டமே வேறு என்பதைத் தெரிந்துகொண்டு, சாதாரண வகுப்பிலேயே சேர்க்கும் உள்ளடக்கக் கல்வியைக் கேட்டு வாதாடுங்கள். வாதாடக் கையில் அறிக்கை இருக்க வேண்டும்.

உண்மையான அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம், ஆனால் மருத்துவமனையில் வரிசை மாதக்கணக்கில் நீள்கிறது. தனியாரிடம் போனால் கட்டணம் ஆயிரக்கணக்கான வெள்ளி. 2023 வரி ஆண்டில் இந்த மதிப்பீட்டுக்கும் ஆரம்பப் பயிற்சிக்கும் 4,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு அறிமுகமானது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத கிள்ளான் குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. தமிழில் சோதிக்க, மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்து அளவு நிர்ணயித்த வாசிப்புக் கருவி கிளினிக்குகளில் பொதுப் பயன்பாட்டில் இல்லை. சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இயங்குகிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் மதிப்பீட்டுக் கருவி வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து தமிழ்க் கருவி வந்தாலும், மலாய்ச் சொற்கள் கலந்து பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே வைக்க முடியாது. இங்கே செய்ய வேண்டும்.

செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் தமிழாசிரியர்களை உருவாக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திய சமூகத்துக்கென்று ஒதுக்கப்படும் பணத்தை நிர்வகிக்க மித்ரா இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, மலேசியத் தமிழில் வாசிப்பு மதிப்பீட்டுக் கருவியையும், அதைக் கையாளப் பயிற்சி பெற்ற தமிழ் பேசும் உளவியலாளர்களையும் உருவாக்கும்படி நம் சங்கங்கள் கேட்க வேண்டும். முத்திரையைப் பற்றி இத்தனை ஆண்டு பேசிய குரல் அதைக் கேட்கட்டும்.

1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. அந்தத் தெருக்களில் வெள்ளைக்கோலோடு நடப்பவரை வழிவிட்டு அனுப்பவும், கைபிடித்துச் சாலை கடத்தவும் நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாருங்க, தெரியும்" என்று அவரிடம் எவரும் சொன்னதில்லை. அதே தெருவின் மாடியில், டியூஷன் அறையில், எழுத்து பிடிபடாத பிள்ளையிடம் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோரே, ஆறு மாதம் உதவி கொடுத்தும் உங்கள் பிள்ளை திணறினால், அவனுடைய பள்ளி நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள், பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். தனியாரிடம் போவதானால், 2016-ஆம் ஆண்டு இணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் சோதிக்கும் உளவியலாளர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். எந்த மொழியில் சோதிப்பீர்கள் என்பதையும், பள்ளியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவீர்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். வரிசை நீளமானது. இந்த வாரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.